மோரா மர்ரே கேஸ்: 7.27க்கும் 7.46க்கும் நடுவுல என்ன ஆச்சு?

ராத்திரி_ரயில் (இழை தொடங்கியவர்)

இந்த கேஸுக்கு இங்க தனி இழையே இல்ல, பொது இழைல நாலு பேர் நாலு விதமா பேசிட்டு போயிடுறாங்க, அதான் தனியா ஆரம்பிக்கிறேன். தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். மோரா மர்ரே, வயசு 21, அமெரிக்கால மாசசூசெட்ஸ் யூனிவர்சிட்டி, ஆம்ஹெர்ஸ்ட் கேம்பஸ்ல நர்சிங் படிச்ச பொண்ணு. 2004 பிப்ரவரி 9, திங்கட்கிழமை. புரொபசருங்களுக்கும் வேலை பாத்த இடத்துக்கும் "குடும்பத்துல ஒரு சாவு, ஒரு வாரம் வரமாட்டேன்"னு மெயில் போடுது. குடும்பத்துல யாரும் சாகல. ஏடிஎம்ல 280 டாலர் எடுக்குது, கடைல 40 டாலர் கிட்ட சரக்கு வாங்குது, தன்னோட 1996 மாடல் கறுப்பு சாட்டர்ன் காரை எடுத்துட்டு வடக்க கிளம்புது. எங்க போறேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

ராத்திரி ஏழரை வாக்குல நியூ ஹாம்ப்ஷயர்ல ஹேவர்ஹில் பக்கம், ரூட் 112ல சடார்னு இடது பக்கம் திரும்புற ஒரு வளைவுல கார் ரோட்டை விட்டு இறங்கி மோதி நிக்குது. 7.27க்கு பக்கத்து வீட்டம்மா ஷெரீஃப் ஆபீஸுக்கு போன் பண்றாங்க. அந்த வழியா வந்த ஸ்கூல் பஸ் டிரைவர் ஒருத்தர் நிறுத்தி உதவி வேணுமான்னு கேக்குறாரு. போலீஸ் வேணாம், டிரிப்பிள் ஏக்கு போன் பண்ணிட்டேன்னு அந்த பொண்ணு சொல்லுது (வண்டி நின்னு போனா வந்து இழுத்துட்டு போற சர்வீஸ் அது). அந்த இடத்துல செல் சிக்னல் கிடையாதுன்னு அவருக்கு தெரியும், அவர் வீடு கூப்பிடு தூரம், போய் 7.43க்கு அவரே போன் பண்ணிடுறாரு. 7.46க்கு போலீஸ் வருது. கார் பூட்டியிருக்கு, ஆள் இல்ல. இன்னிக்கு வரைக்கும் இல்ல. அந்த ராத்திரிக்கு அப்புறம் அவளோட போனும் கார்டும் எங்கயும் யூஸ் ஆகவே இல்ல.

யார் என்ன தியரி வேணா சொல்லுங்க. ஒரே ஒரு கண்டிஷன், அந்த ஊர்க்காரங்க பேரை எழுதாதீங்க, அவங்க மேல கேஸ் எதுவும் கிடையாது.

கேரேஜ்_கோவை

வணக்கமுங்க. நான் வண்டி பக்கத்துல இருந்து ரெண்டு விஷயம் சொல்லிக்கறனுங்க. எல்லாரும் அந்த துணியை புடிச்சே தொங்கறாங்க. சைலன்சர் பைப்புக்குள்ள துணி திணிச்சிருந்துச்சு, அப்ப யாரோ வண்டிய நடுவழில நிக்க வெக்க பாத்திருக்கான், பின்னாடியே வந்து தூக்கிட்டான்னு. யூட்யூப்ல இதை வெச்சே ஒரு மணி நேரம் ஓட்டறாங்க. அந்த புள்ளையோட அப்பாவே சொல்லியிருக்காருங்க, வண்டி சரியா ஓடல, புகை கக்குச்சு, போலீஸ் கண்ணுல பட்டா நிறுத்துவாங்க, துணி வெச்சுக்கோன்னு நாந்தான் சொன்னேன்னு. மட்டமான யோசனைதான், எங்க கடைக்கு வந்து கேட்டிருந்தா திட்டித்தான் அனுப்பியிருப்போம். துணி வெச்சா வண்டி இழுக்காது, இறுக்கி அடைச்சா இன்ஜினே ஆஃப் ஆயிரும். ஆனா அப்பா சொல்லிக்குடுத்தத புள்ள செஞ்சிருக்குதுங்க, இதுல கொலைகாரன் எங்க வந்தான்?

ரெண்டாவது, அடி. ஏர்பேக் ரெண்டும் வெடிச்சிருக்கு, டிரைவர் பக்கம் முன் கண்ணாடி விரிசல் விட்டிருக்கு, ரேடியேட்டர் பின்னாடி தள்ளி ஃபேன்ல போய் முட்டியிருக்கு. அந்த வண்டி அதுக்கு மேல நகராதுங்க. ஏர்பேக் வெடிச்ச வண்டில இருந்து இறங்கி வர்றவங்கள நான் பாத்திருக்கேன், காது ஙொய்ன்னு இருக்கும், மூக்கு வாய் எல்லாம் வெள்ளை பவுடரா ஒட்டியிருக்கும், நாம என்ன கேக்கறோம்னே கொஞ்ச நேரம் புரியாது. அப்படி இருக்கறப்ப ஒருத்தர் வந்து போலீஸ கூப்பிடட்டான்னா வேணாம்னு சொல்றதுல எனக்கு ஆச்சரியமே இல்லீங்க, அதும் கார்ல சரக்கு வேற இருக்கு.

வார்டு_ஏழு

நான் நர்ஸ், அதனால படிப்பு பக்கம் பேசறேன். நர்சிங்ல ஒரு வாரம் லீவுங்கறது சும்மா இல்ல. கிளினிக்கல் போஸ்டிங் மணி நேரம் குறைஞ்சா அப்புறம் அதை ஈடு கட்ட சாகணும். அதனாலதான் "சாவு"ன்னு எழுதியிருக்கா, வேற எந்த காரணம் சொன்னாலும் ஆயிரம் கேள்வி வரும். இந்த பொய்யை நாங்க படிக்கறப்ப சொல்லாதவங்க யாரு, என் பாட்டி பேப்பர்ல ரெண்டு தடவை செத்திருக்காங்க. இதை வெச்சு "பெரிய பிளான் போட்டு ஓடிட்டா"ன்னு எழுதறவங்கள பாத்தா கடுப்பா இருக்கு.

அந்த வாரம் அவளுக்கு எப்படி போச்சுன்னு பாருங்க. வியாழக்கிழமை ராத்திரி கேம்பஸ்ல டியூட்டில இருக்கறப்ப அழுது உடைஞ்சு போயிருக்கா, சூப்பர்வைசர் கூடவே போய் ரூம்ல விட்டுட்டு வந்திருக்காங்க. சனிக்கிழமை அப்பா வந்து புது கார் பாக்க கூட்டிட்டு போறாரு. அன்னிக்கு ராத்திரி பார்ட்டி முடிஞ்சு விடிகாலை மூணரை மணிக்கு அப்பாவோட காரை கொண்டு போய் ரோட்டோர தடுப்புல மோதி நிறுத்தறா, ஆயிரக்கணக்குல டாலர் செலவு. திங்கட்கிழமை அந்த ஆக்சிடென்ட் ஃபார்ம் வேற வாங்கியிருக்கா, அது அவ கார்லயேதான் கிடைச்சுது. ரெண்டு நாள்ல ரெண்டு ஆக்சிடென்ட். கொஞ்ச நாள் எங்கயாவது தனியா போய் இருந்துட்டு வரலாம்னு தோணினா அது அவ்ளோ மர்மமா?

அப்புறம் ரூம் விஷயம். பெட்டி கட்டி வெச்சிருந்தா, சுவத்துல இருந்த படத்தை எல்லாம் கழட்டிட்டா, அப்ப திரும்பி வர எண்ணமே இல்லன்னு சிலர் சொல்றாங்க. அதே ஆளுங்க கார்ல என்ன இருந்துச்சுன்னு சொல்லவே மாட்டாங்க. பாடப்புத்தகம் எடுத்துட்டு போயிருக்கா. ஒரேடியா ஓடிப் போறவ நர்சிங் புக்க தூக்கிட்டு போவாளா? அந்த கனம் எனக்கு தெரியும். குளிர்கால லீவு முடிஞ்சு அப்பதான் ஹாஸ்டல் வந்திருந்தா, பெட்டி பிரிக்காமயே கூட இருந்திருக்கலாம்.

தாமிரபரணி_தண்ணி

எல்லாரும் நல்லா பேசுதிய. போலீஸு எங்கன எல்லாம் கோட்டை விட்டாவன்னு ஒருத்தரும் சொல்லல. கடைசியா அந்த பிள்ளைய நேர்ல பாத்து பேசுனவரு யாரு? பஸ் டிரைவரு. வீடு எங்க? அங்கனதான். நான் சொல்லுதேன், அந்த ஆளு [நீக்கப்பட்டது]

அப்புறம் பக்கத்து வீட்டம்மா போன்ல, கார்ல ஒரு ஆம்பள சிகரெட் குடிச்சிட்டு இருந்தான்னு சொல்லிருக்காவ. அப்ப கூட ஒருத்தன் வந்திருக்காம்லா? ஏடிஎம் கேமரால அவ தனியாத்தான் தெரியுதா, சரி, வழில ஏத்தியிருக்கலாம்லா? 2012ல யூட்யூப்ல ஒரு கிழவன் கேமராவ பாத்து சிரிச்சுக்கிட்டே வீடியோ போட்டானே, அதுவும் அவ காணாம போன அதே தேதில, அவன் யாருன்னு கேட்டா மட்டும் எல்லாரும் கம்முனு இருக்கிய.

மாடரேட்டர்

@தாமிரபரணி_தண்ணி உங்க பதிவுல நாலு வரி எடுத்திருக்கேன். முதல் பதிவுலயே சொல்லியிருக்கு. அந்த டிரைவரை போலீஸ் விசாரிச்சாங்க, கைது கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது, மனுஷன் இப்ப உயிரோடயும் இல்ல. பதில் சொல்ல முடியாத ஆள் மேல இங்க பழி போட வேணாம்.

மாசசூசெட்ஸ்_மாமா

நான் மாசசூசெட்ஸ்லதான் இருக்கேன், நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்கிற ஒயிட் மவுண்டன்ஸ் மலைக்கு போறப்ப அந்த 112ல போயிருக்கேன். மேப்ல பாத்து பேசறவங்களுக்காக கொஞ்சம் விவரமா சொல்றேன்.

பிப்ரவரில இங்க அஞ்சேகாலுக்கே இருட்டிடும். அந்த ரோட்ல தெரு விளக்கு கிடையாது, வீடுங்க தள்ளித் தள்ளி மரத்துக்கு நடுவுல இருக்கும். பனி ஒதுக்கற வண்டி ரோட்டை சுத்தம் பண்ணிட்டு ரெண்டு ஓரமும் குவிச்சிட்டு போகும். அதுக்கு அந்தாண்ட கிடக்கிற பனி பகல்ல லேசா உருகி ராத்திரி உறைஞ்சு மேலாக்க அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு நிக்கும். கால் வெச்சா உடைஞ்சு முட்டிக்கு மேல உள்ள போகும். ஒருத்தர் அதுல பத்து அடி நடந்தா கூட அந்த தடத்தை மறைக்க முடியாது. தேடினவங்க ஹெலிகாப்டர்ல எல்லாம் போய் பாத்தாங்க, ரோட்டை விட்டு காட்டுக்குள்ள இறங்கின தடம் எதுவும் கிடைக்கல. இந்த கேஸ்ல எனக்கு உருப்படியான தடயம்னா அந்த இல்லாத தடம்தான். ஒண்ணு ரோட்டு மேலயே நடந்தோ ஓடியோ போயிருக்கணும், இல்ல யார் வண்டிலயாவது ஏறியிருக்கணும். (ரோட்ல ரொம்ப தூரம் போய் அப்புறம் இறங்கியிருந்தா? அதுவும் இருக்கு, அவ்ளோ மைல் யாரும் அங்குலம் அங்குலமா பாத்திருக்க முடியாது.)

சிகரெட் விஷயம். இருட்டுல, வீட்டு ஜன்னல்ல இருந்து, ஒரு சின்ன சிவப்பு வெளிச்சம். அது செல்போன் லைட்டா இருக்கலாம்னு பின்னாடி பேச்சு வந்துச்சு. பஸ் டிரைவர் கிட்டக்க போய் பேசினவரு, அவர் பாத்தது ஒரு பொண்ணை மட்டும்தான். அந்த யூட்யூப் கிழவனால இத்தனை வருஷத்துல ஒரு துரும்பு கூட நகரல, கவனம் கிடைக்கணும்னு போடறவங்க எல்லா கேஸ்லயும் வருவாங்க.

மோப்ப நாயை பத்தியும் சொல்லிடறேன், யாராவது கேப்பீங்க. அவ கையுறையை மோப்பம் காட்டி விட்டாங்க, நாய் கிழக்கால நூறு கஜம் போய் ரோட்டு நடுவுல நின்னுடுச்சு. உடனே "பாத்தியா, அங்கதான் வண்டில ஏறியிருக்கா"ன்னு எழுதிடறாங்க. நாய் வந்தது புதன்கிழமை. நடுவுல ரெண்டு நாள் அந்த ரோட்ல எத்தனை வண்டி போயிருக்கும், உப்பு போட்டிருப்பான், பனி ஒதுக்கியிருப்பான்.

யாழ்_தும்பி

நான் கனகாலமா உந்தக் கதையை வாசிச்சுக்கொண்டு வாறன். எனக்கு ஒரு விசயம் சொல்லோணும் போல கிடக்கு. ஃபேஸ்புக் தொடங்கினது 2004 பெப்ரவரி 4. இந்தப் பிள்ளை காணாமல் போனது 9ஆம் திகதி. அஞ்சே அஞ்சு நாள். அந்தப் பிள்ளை இணையத்தில வழி தேடுற பக்கத்தைப் பாத்து, வெர்மொண்டில இருக்கிற பேர்லிங்டன் போற பாதையை அச்செடுத்துக் காருக்குள்ள வைச்சிருந்தது. இண்டைக்கெண்டால் ஃபோனே சொல்லியிருக்கும் எங்க நிண்டவ எண்டு. அப்ப ஒண்டும் இல்லை. அந்த வெறுமைக்குள்ளதான் எல்லாரும் தங்கட தங்கட கதையளைக் கொண்டுவந்து கொட்டீனம்.

அதால என்ன நடக்கும் எண்டதுக்கு 2013 நல்ல உதாரணம். பிரவுண் யூனிவர்சிற்றிப் பெடியன் ஒருத்தன் மார்ச் மாதம் புரொவிடன்ஸ் நகரத்தில காணாமல் போனவன். குடும்பம் ஃபேஸ்புக்கில பக்கம் திறந்து தேடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 15 பொஸ்ரன் மரதன் குண்டுவெடிப்பு. 18ஆம் திகதி எஃப்பிஐ ரெண்டு பேரின்ர படத்தை விட்டவுடன ரெடிற்றில கொஞ்சப் பேர் "இது அந்தப் பெடியன் மாதிரிக் கிடக்கு" எண்டு தொடங்க, இரவு ட்விட்டரில ஒருத்தர் பொலிஸ் ரேடியோவில அவன்ர பேரைச் சொன்னவை எண்டு எழுத, விடியுறதுக்குள்ள உலகம் முழுக்கப் பரவிட்டுது. பொலிஸ் ரேடியோவில அந்தப் பேர் வரவே இல்லை. குடும்பத்துக்கு இரவிரவா வசவும் மிரட்டலும், பக்கத்தையே மூட வேண்டிப் போச்சு. விடிய என்பிசி ரிவிக்காரர் அந்தப் பெடியன் இல்லை எண்டு சொன்ன பிறகுதான் அடங்கினது. 23ஆம் திகதி ஆத்தில அவன்ர உடம்பு எடுத்தவை. குண்டு வெடிக்க முன்னமே செத்துப்போன பிள்ளை. ரெடிற் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது, சரி, கேட்டு என்ன. பேர் எல்லாருக்கும் தெரியும், நான் எழுதேல்லை.

தாமிரபரணி_தண்ணி

@யாழ்_தும்பி அது வேற, இது வேற. அங்கன ஒரே ராத்திரில அவசரப்பட்டாவ. இங்க இருவது வருசம் தாண்டிட்டு, போலீஸு ஒண்ணும் சொல்ல மாட்டுக்கு. சும்மா இருந்தா கேஸு செத்துரும். அவ அப்பாவே கோர்ட்டுக்கு போயி ஃபைல தாங்கன்னு கேட்டாருல்லா? ஏன் கேட்டாரு? நம்பிக்கை இல்லாமதான. ஸ்டேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு அந்த வழக்கு.

ராத்திரி_ரயில்

@தாமிரபரணி_தண்ணி அது நியாயமான பாயிண்ட், ஒத்துக்கறேன். போலீஸ் மேல கேள்வி கேக்கறது வேற, பக்கத்து வீட்டுக்காரன் மேல கை காட்டறது வேற. விசாரணை நடந்துட்டு இருக்குன்னு சொல்லித்தான் முழு ஃபைலை வெளிய விடாம வெச்சிருக்காங்க. அதே நேரம் சும்மாவும் இல்ல. ஆக்சிடென்ட் நடந்த இடத்துக்கு பக்கத்து வீட்ல பேஸ்மென்ட் கான்கிரீட்டுக்கு கீழ ஏதோ இருக்குன்னு பல வருஷம் பேச்சு ஓடிச்சு. அவ அப்பா அதை நம்பினாரு, விடாம கேட்டாரு. 2019 ஏப்ரல்ல எஃப்பிஐயும் ஸ்டேட் போலீஸும் சேர்ந்து தரையை உடைச்சு தோண்டினாங்க. வந்தது என்ன தெரியுமா? பானை ஓடோ பழைய பைப் துண்டோ மாதிரி ஏதோ ஒண்ணு. அவ்ளோதான். அப்புறம் 2021 செப்டம்பர்ல லூன் மவுண்டன்ல வேலை பாத்தவங்களுக்கு எலும்பு துண்டு கிடைச்சுது, மறுபடி எல்லா குரூப்லயும் "கிடைச்சிட்டா கிடைச்சிட்டா"ன்னு ஒரே கூத்து. டெஸ்ட் பண்ணினா 1774ல இருந்து 1942க்குள்ள காலத்து எலும்பு. அந்த ரெண்டு மாசம் அவ வீட்டாளுங்க எப்படி இருந்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க, நமக்கு அது ஒரு நோட்டிபிகேஷன்.

2022 ஜனவரில எஃப்பிஐ நாடு முழுக்க தேடுதல் அலர்ட் போட்டாங்க. அதே வருஷம் ஜூலைல லேண்டாஃப், ஈஸ்டன் பக்கம் மறுபடி தேடினாங்க. ஏதோ ஒரு தகவலை வெச்சுத்தான் அந்த இடத்துக்கு போயிருக்கணும், என்னன்னு வெளிய சொல்லல.

கேரேஜ்_கோவை

எனக்கு ஒரு டவுட்டுங்க. அந்த காண்ட்ராக்டர் சாட்சி இருக்காருல்ல, அதே ராத்திரி எட்டு எட்டரைக்கு நாலஞ்சு மைல் கிழக்கால ரோட்டோரமா ஒரு ஆள் வேகமா போனத பாத்தேன்னு ரெண்டு மூணு மாசம் கழிச்சு வந்து சொன்னவரு. அது நடக்கற காரியங்களா? ஏர்பேக் வெடிச்ச வண்டில இருந்து எறங்கி, குளிர்ல, அவ்ளோ தூரம்?

வார்டு_ஏழு

நடக்கலாம். அவ ஓட்டக்காரி. ஸ்கூல்ல இருந்தே டிராக், கிராஸ் கன்ட்ரி எல்லாம் ஓடினவ, ஆம்ஹெர்ஸ்ட் வர்றதுக்கு முன்னாடி வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமில இருந்தவ. 7.46க்கு முன்னாடி கிளம்பினா எட்டரைக்குள்ள நாலு மைல் அவளுக்கு மெதுவான ஓட்டம்தான். தலைல அடி பட்டிருந்தா கூட சில பேர் நல்லா நடந்து போய் ரொம்ப நேரம் கழிச்சு சுருண்டு விழுவாங்க, கேஷுவாலிட்டில பாத்திருக்கேன். அப்படி ரோட்டை விட்டு எங்கயோ இறங்கி குளிர்ல படுத்திருந்தான்னா அது யார் கண்ணுலயும் படாம போயிருக்கலாம், அந்த காடு அப்படி. போலீஸுக்கு பயந்து ஓடினான்னு வெச்சுக்கிட்டா சிகரெட் ஆளும் வேணாம், கிழவனும் வேணாம். ஆனா எனக்கே இது முழு திருப்தி இல்ல, ஏன்னா அவளோட சேர்ந்து காணாம போன பேக்பேக், போன், ஒண்ணு கூட இத்தனை வருஷத்துல கிடைக்கல. வேட்டைக்கு போறவங்க சுத்தற காடு அது.

மாசசூசெட்ஸ்_மாமா

அந்த சாட்சியை நான் பாதிதான் நம்புவேன். மாசக்கணக்கு கழிச்சு, நோட்டை புரட்டி பாத்து அன்னிக்கு ராத்திரிதான்னு கண்டுபிடிச்சேன்னு சொல்றது எவ்ளோ நல்ல மனசோட சொன்னாலும் தேதி மாற வாய்ப்பு இருக்கு. வண்டில ஏறினான்னுதான் நான் நினைக்கிறேன். யாரோ நிறுத்தியிருக்கான், போலீஸ் வர்றதுக்குள்ள கிளம்பணும்னு அவசரத்துல ஏறியிருக்கா. அந்த யாரோ அந்த ஊர்க்காரனா இருக்கணும்னு கூட அவசியமில்ல, அது வழிப்போக்கனுங்க போற ரோடு. அதனாலதான் ஊர்க்காரங்கள நோண்டறது எனக்கு அர்த்தமே இல்லாம தெரியுது. கேமராவோட வந்து வீட்டு வாசல்ல நிக்கற ஆளுங்களால அந்த ஏரியாக்காரங்க வெறுத்துப் போயிருக்காங்க.

தாமிரபரணி_தண்ணி

சரி, ஊர்க்காரவள விடுதேன். போலீஸு வண்டி கதைக்கு பதில் சொல்லுங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்கு போன ஒரு பொம்பள, அந்த காரு மூக்கோட மூக்கு வெச்ச மாதிரி ஒரு போலீஸு எஸ்யூவி நின்னுச்சு, மேல 001ன்னு நம்பரு இருந்துச்சுன்னு சொல்லுதாவ. அவ சொல்லுத நேரம் 7.46க்கு முந்தி. ரிக்கார்டுல வந்த வண்டி 002. இதுக்கு என்ன சொல்லுதிய? இதுவும் அப்பா வெச்ச துணியா?

ராத்திரி_ரயில்

இந்த இழைல வந்ததுலயே நல்ல கேள்வி இதுதான். அந்த சாட்சிக்கு பொய் சொல்லி ஆதாயம் எதுவும் எனக்கு தெரியல. நேரம் பத்து நிமிஷம் முன்ன பின்ன போயிருந்தா கூட வண்டி நம்பர் இடிக்குது. வேற வண்டியை அன்னிக்கு மாத்தி எடுத்துட்டு வந்தாங்க, ரிக்கார்டுல வழக்கமான நம்பரை எழுதிட்டாங்கன்னா விஷயம் சப்புனு முடிஞ்சிடும். இல்ல முன்னாடியே ஒரு வண்டி வந்து நின்னுட்டு போச்சுன்னா, மொத்த கேஸும் வேற. பஸ் டிரைவர் போன் பண்ணிட்டு இருந்தப்ப ரோட்ல சில வண்டி போறதை பாத்திருக்காரு, ஆனா அந்த சாட்டர்ன் கார் அவர் கண்ணுக்கு தெரியல, அதனால அவர் சொன்னதை வெச்சு இதை தீக்க முடியாது.

யாழ்_தும்பி

அப்ப 7.35க்கும் 7.46க்கும் இடையிலதான் முழுக் கதையும் நிக்குது. அந்தப் பிள்ளையின்ர அக்கா இப்ப தானே பொட்காஸ்ட் செய்து, இப்பிடிச் சின்னச் சின்ன விசயங்களை ஒவ்வொண்டா எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறா. தங்கச்சி பற்றி வந்த கண்ட கதையளுக்கும் அதில பதில் குடுக்கிறா. உங்க எல்லாரின்ர தியரியையும் விட அதைக் கேக்கிறது பிரயோசனம்.

கேரேஜ்_கோவை

கேக்கறனுங்க. ஆனா 001 எஸ்யூவிங்களா காருங்களான்னு அந்தம்மா தெளிவா சொன்னாங்களா? ராத்திரில ஹெட்லைட் அடிக்கறப்ப வண்டி எதுன்னு தெரியாது, நம்பர் வேணா தெரியும்.

தாமிரபரணி_தண்ணி

எஸ்யூவின்னுதான் சொல்லிருக்காவ. ரிக்கார்டுல இருக்கது செடான்.

மாசசூசெட்ஸ்_மாமா

அப்ப இதுக்கு பதில் அந்த ஃபைலுக்குள்ளதான் இருக்கு, எந்த வண்டியை யார் எடுத்தாங்கன்னு ஷிப்ட் ரிக்கார்டு இருக்கும். அதைத்தான் அவ அப்பா கோர்ட்ல கேட்டாரு.